கிளாசிக் ராக் புதிர் போடுவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"இந்த சிங்கிள் இசைத்தட்டின் பின்பக்கத்தில் இருந்த பாட்டு எது?" என்று ஒரு கேள்வியை உங்கள் அரட்டைக் குழுவில் போடுங்கள். தெரிந்தவர் ஒருவர் மூன்று நொடியில் பதில் எழுதிவிடுவார். மற்ற இருபது பேருக்கு அங்கே யோசிக்க எதுவும் இல்லை, பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். புதிதாகப் புதிர் போடுபவர்கள் முதல் வாரத்திலேயே சோர்ந்துபோவது பெரும்பாலும் இதனால்தான்.

இதையும் பாருங்கள்: "1970இல் ஒரு இசைக்குழு தன் பாட்டின் தலைப்பிலேயே இவர் பெயரை வைத்தது. 1975இல் இன்னொரு குழு, தன் சொந்தப் பாட்டையே இவரிடம் கொடுத்துப் பாடச் சொன்னது. யார் இவர்?" பதில் ஆங்கிலேய நாட்டுப்புறப் பாடகர் ராய் ஹார்ப்பர். லெட் செப்பெலினின் மூன்றாவது ஆல்பத்தில் அவர் பெயர் தாங்கிய பாட்டு இருக்கிறது. பிங்க் ஃபிளாய்டின் 'ஹேவ் எ சிகார்' பாட்டில் கேட்பது அவர் குரல். லெட் செப்பெலின் ரசிகருக்கு ஒரு வாசல், ஃபிளாய்ட் ரசிகருக்கு இன்னொரு வாசல். இரண்டும் தெரியாதவருக்கும் 1975 என்ற ஆண்டு ஒரு பிடி கொடுக்கிறது. பதில் ஒன்று, போகும் வழி குறைந்தது இரண்டு: புதிர் எழுதும்போது இந்த அளவுகோல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கேட்பது, பிறகு படிப்பது

எது கிளாசிக் ராக் என்ற வாதத்தில் நேரத்தை விடாதீர்கள். அறுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகளின் இறுதி வரை என்று ஒரு கோடு போட்டு, அதைப் போட்டி அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

தொடக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு குழுக்கள் போதும்: பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், தி ஹூ, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், லெட் செப்பெலின், பிளாக் சபாத், டீப் பர்ப்பிள், பிங்க் ஃபிளாய்ட், குயின், ஈகிள்ஸ், ஃப்ளீட்வுட் மேக், ஏசி/டிசி. ஒவ்வொன்றிலும் ஒரு முழு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை கேளுங்கள். தேர்ந்தெடுத்த ஹிட் தொகுப்புகள் புதிருக்கு உதவாது; அதிலிருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இரண்டாம் முறை கேட்கும்போது ஆல்பத்தின் உட்தாளைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த பிரதி இருந்தாலும் போதும். தயாரிப்பாளர் யார், ஒலிப்பதிவு செய்தவர் யார், எந்த ஸ்டுடியோ, விருந்தினராக வந்தவர் யார் என்ற நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ். பின்னால் தன் பெயரிலேயே ஒரு குழுவைத் தொடங்கியவர். அதே ஆல்பத்தில் சொல்லே இல்லாமல் பாடும் அந்தப் பெண் குரல் கிளேர் டோரியுடையது. அட்டையில் முப்பட்டகத்திலிருந்து வெளிவரும் நிறங்களை எண்ணினால் ஏழு வராது, ஆறுதான், கருநீலத்தை விட்டுவிட்டார்கள். ஒரே ஆல்பத்தில் மூன்று கேள்விகள், மூன்றும் மூன்று வகை ஆட்களுக்கு.

தகவலைக் கேள்வியாக்கும்போது

1. பதிலை முதலில் எழுதுங்கள். பதில் ஒரு பெயராகவோ, ஒரு தலைப்பாகவோ, ஓர் எண்ணாகவோ இருக்கட்டும். "ஏன்" என்று தொடங்கும் கேள்விக்கு மதிப்பெண் போடவே முடியாது.

2. அந்தப் பதிலைப் பற்றி ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு தகவல்களைத் தேடுங்கள். ராய் ஹார்ப்பர் கேள்வியில் நடந்தது இதுதான்.

3. கேள்வியில் உள்ள தனிப்பெயர்களில் ஒன்றையாவது எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு விவரணையை வையுங்கள். "டீப் பர்ப்பிளின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' எந்த ஊரைப் பற்றியது?" என்று எழுதினால் தேடுபொறி ஒரு நொடியில் சொல்லிவிடும். "1971 டிசம்பர் 4 அன்று ஓர் ஏரிக்கரை சூதாட்ட அரங்கு, ஃபிராங்க் சப்பாவின் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே எரிந்தது. அங்கே ஆல்பம் பதிவு செய்ய வந்திருந்த வேறொரு குழு அந்தக் காட்சியையே பாட்டாக்கியது. எந்த ஊர், எந்தப் பாட்டு?" என்று எழுதினால் யோசிக்க இடம் கிடைக்கும். ஊர் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ.

4. எழுதிய கேள்வியை அப்படியே தேடுபொறியில் ஒட்டிப் பாருங்கள். முதல் முடிவிலேயே பதில் வந்தால் மறுபடி எழுத வேண்டும்.

5. நன்றாகத் தெரிந்த ஒருவரிடமும் ஓரளவே தெரிந்த ஒருவரிடமும் கேட்டுப் பாருங்கள். முதலாமவர் உங்கள் பிழையைக் கண்டுபிடிப்பார். இரண்டாமவர் எங்கே திணறுகிறார் என்பதிலிருந்து எந்தத் துப்பு போதவில்லை என்று தெரியும்.

பத்துக் கேள்விச் சுற்று என்றால் மூன்று எளிது, நான்கு நடுத்தரம், இரண்டு கடினம், ஒன்று மிகக் கடினம் என்று பிரியுங்கள். முதல் கேள்வி எளிதாகவே இருக்கட்டும். எளிய கேள்வி மட்டமானது என்று நினைக்க வேண்டாம். ஸிஸி டாப் குழுவின் புகழ்பெற்ற தாடிக்காரர் இருவருக்கு நடுவே நீண்ட தாடி வளர்க்காத டிரம்மரின் குடும்பப் பெயர் என்ன? பியர்ட், அதாவது தாடி. கேட்டவர் எல்லோரும் சிரிப்பார்கள், சுற்றும் சூடுபிடிக்கும்.

படிப்படியாகத் துப்பு கொடுக்கும் வகை

புதியவர்கள் தொடங்க இதுவே நல்ல வகை. ஐந்து துப்புகள், கடினத்திலிருந்து எளிதுக்கு. முதல் துப்பில் சொன்னால் 5 மதிப்பெண், கடைசியில் சொன்னால் 1.

ஒரு மாதிரி. 5: கிதாரை மீட்ட இவர் பயன்படுத்துவது பிளாஸ்டிக் பிக் அல்ல, பழைய பிரிட்டிஷ் ஆறு பென்னி நாணயம். 4: தந்தையும் இவரும் சேர்ந்து செய்த அந்தக் கிதாரின் கழுத்துக்கு மரம் கிடைத்தது ஒரு பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து. 3: 2007இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானியற்பியல் முனைவர் பட்டம். 2: 2002இல் பக்கிங்காம் அரண்மனையின் கூரைமேல் நின்று வாசித்தார். 1: இரண்டு மிதி, ஒரு தட்டு என்று உலகமே சேர்ந்து தாளம் போடும் பாட்டை எழுதியவர். பதில் குயின் குழுவின் பிரையன் மே.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, முதல் துப்பு வேறு பலருக்கும் பொருந்துவது. "இங்கிலாந்தில் பிறந்த கிதார் கலைஞர்" என்பதெல்லாம் துப்பே ஆகாது. முதல் வரியைத் தனியாக நிறுத்திப் பார்த்தாலும் ஒரே ஒருவரைத்தான் காட்ட வேண்டும். அந்தத் தகவலைச் சிலருக்கே தெரியும் என்பது வேறு விஷயம்.

பொதுத் தொடர்பு வகை

நான்கு பாட்டுகளைக் கொடுத்து, பொதுவானது என்ன என்று கேட்பது. 'போஹீமியன் ராப்சடி', 'பாபா ஓ'ரைலி', 'எ டே இன் தி லைஃப்', 'பிளாக் டாக்'. நீங்கள் நினைத்த பதில்: நான்கிலும் தலைப்பு பாட்டு வரிகளில் எங்கும் வருவதில்லை. ஆனால் யாராவது "நான்குமே பிரிட்டிஷ் குழுக்கள்" என்று எழுதினால் அதுவும் சரிதானே? சண்டை அங்கே ஆரம்பிக்கும். கடைசிப் பாட்டை எடுத்துவிட்டு பாப் டிலனின் 'சப்டெரேனியன் ஹோம்சிக் ப்ளூஸ்' வையுங்கள். நாட்டுப் பொருத்தம் உடையும், தலைப்புப் பொருத்தம் நிற்கும். தொடர்புக் கேள்வி எழுதியதும் நாடு, ஆண்டு, பதிவு நிறுவனம், இசைக்கருவி ஆகிய நான்கிலும் தற்செயல் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு பாட்டை மாற்றுங்கள்.

எங்கே சறுக்கும்

"பாட்டு, ஆல்பம், குழு மூன்றுக்கும் ஒரே பெயர். எது?" பிளாக் சபாத் என்று நினைத்து எழுதுவீர்கள். பேட் கம்பெனியும் (1974) சரி, அயர்ன் மெய்டனும் (1980) சரி. "1970 பிப்ரவரி 13, ஒரு வெள்ளிக்கிழமை வெளியான ஆல்பம்" என்று சேர்த்தால் கேள்வி காப்பாற்றப்படும். ஒரு பதிலைத்தான் எதிர்பார்க்கிறோம் என்பதால் ஒரு பதில்தான் இருக்கும் என்று ஆகிவிடாது.

'முதல்', 'கடைசி', 'ஒரே' என்ற மூன்று சொற்களைக் கண்டாலே எச்சரிக்கையாக இருங்கள். பீட்டில்ஸின் கடைசி ஆல்பம் எது? வெளியான வரிசையில் 'லெட் இட் பி' (மே 1970). ஆனால் அதன் பெரும்பகுதி 1969 ஜனவரியிலேயே பதிவானது. 'அபே ரோடு' அதற்குப் பிறகு பதிவாகி 1969 செப்டம்பரில் வந்துவிட்டது. "கடைசியாகப் பதிவு செய்த" என்று திருத்தினாலும் தப்பவில்லை, 'லெட் இட் பி'யின் ஒரு பாட்டுக்கு 1970 ஜனவரியில் வேலை நடந்திருக்கிறது. "கடைசியாக வெளியான" என்பது ஒன்றுதான் பாதுகாப்பு.

எந்த நாட்டுப் பதிப்பு என்பதும் முக்கியம். 1967க்கு முன் பீட்டில்ஸ் ஆல்பங்கள் பிரிட்டனில் ஒரு வரிசையிலும் அமெரிக்காவில் வேறு வரிசையிலும் வந்தன. 'ரப்பர் சோல்' (1965) ஆல்பத்தின் முதல் பாட்டு பிரிட்டிஷ் பதிப்பில் 'டிரைவ் மை கார்', அமெரிக்கப் பதிப்பில் 'ஐ'வ் ஜஸ்ட் சீன் எ ஃபேஸ்'. தரவரிசைக் கேள்விகளிலும் இதே தொல்லை. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' 1963இல் பிரிட்டனின் சில பட்டியல்களில் முதலிடம், 'ரெக்கார்ட் ரீடெய்லர்' பட்டியலில் இரண்டாமிடம். எந்தப் பட்டியல் என்று பெயர் சொல்லாமல் "நம்பர் ஒன்" கேள்வியே போடாதீர்கள்.

ஸ்ட்ரீமிங் செயலி காட்டும் ஆண்டை நம்ப வேண்டாம். பல நேரம் அது ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியை மெருகேற்றி மறுபடி வெளியிட்டது) ஆண்டாகவோ தொகுப்பு வெளியான ஆண்டாகவோ இருக்கும். ஆல்பத்தின் முதல் வெளியீட்டைத் தனியாகச் சரிபாருங்கள்.

"ஒரிஜினல் யாருடையது?" என்ற கேள்வியும் வழுக்கும். 'ஆல் அலாங் தி வாட்ச்டவர்' ஹெண்ட்ரிக்ஸின் பாட்டு என்றே பலர் நினைப்பார்கள். டிலன் 1967இல் பதிவு செய்ததை அவர் 1968இல் மறுபடி பாடினார். இது சுத்தமான கேள்வி. 'ட்விஸ்ட் அண்ட் ஷௌட்' பற்றிக் கேட்டால் பாதிப் பேர் ஐஸ்லி பிரதர்ஸ் (1962) என்பார்கள், அவர்களுக்கும் முன் டாப் நோட்ஸ் (1961) பாடியிருக்கிறார்கள். தெரிந்தே பொறி வைப்பதானால் சரி, தெரியாமல் வைத்தால் விடையே தவறாகிவிடும்.

வதந்திகள் தனி ரகம். 'இன் தி ஏர் டுநைட்' பாட்டைப் பாடகர் ஃபில் காலின்ஸ் யாரோ நீரில் மூழ்கியதைப் பார்த்து எழுதினார் என்ற கதை இன்னமும் சுற்றுகிறது. அவரே மறுத்துவிட்டார். கதை எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். அவரைப் பற்றிக் கேட்கத்தான் வேண்டுமென்றால் 1985 ஜூலை 13 இருக்கிறது: லைவ் எய்டு என்ற நிதி திரட்டும் இசை நிகழ்ச்சிக்காக ஒரே நாளில் லண்டனிலும் ஃபிலடெல்பியாவிலும் மேடையேறினார். இதில் யாரும் தகராறு செய்ய முடியாது.

ஒலித்துண்டுச் சுற்று

இலவசமான ஆடாசிட்டி மென்பொருள் ஒன்றே போதும். எளிய சுற்றுக்குத் துண்டு 10 நொடி, நடுத்தரத்துக்கு 5, கடினத்துக்கு 2. ஒரு சுற்றில் எட்டுக்கு மேல் வேண்டாம், காது சலித்துவிடும்.

புகழ்பெற்ற ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துணுக்கை) வெட்டிப் போடுவது வீண். அதே பாட்டின் இரண்டாம் சரணத்துக்கு முன் வரும் டிரம்ஸ், அல்லது கடைசிச் சுரம் நல்ல புதிராகும். 'எ டே இன் தி லைஃப்' முடிவில் பல பியானோக்களில் ஒரே நேரம் அடித்த அந்த ஒற்றைக் கார்டு (பல சுரங்கள் சேர்ந்த ஒலி) நாற்பது நொடிக்கு மேல் தேய்ந்துகொண்டே போகும். அந்தத் தேய்வின் நடுவில் ஐந்து நொடி எடுத்தால் அருமையான துண்டு. மாறாக, 'அண்டர் பிரஷர்' (1981) தொடக்கத்து பேஸ் கிதார் இரண்டு நொடி மட்டும் போட்டால், அதை எடுத்தாண்ட 'ஐஸ் ஐஸ் பேபி' என்று யாராவது எழுதுவார்கள். அவரைத் தப்பு சொல்ல முடியாது. துண்டு அந்தப் பாட்டுக்கு மட்டுமே உரியதா என்று கேட்டுப் பாருங்கள்.

வெட்டிய இரு முனைகளிலும் ஐந்தில் ஒரு நொடி ஃபேட் (ஒலி மெல்ல ஏறுவது, மெல்ல இறங்குவது) கொடுங்கள். இல்லாவிட்டால் ஒலியலை நடுவில் அறுபட்டு 'டக்' என்ற சத்தம் வரும். தொடக்கத்தில் ஒரு முழு நொடி மௌனம் சேர்ப்பதும் அவசியம். சில புளூடூத் ஸ்பீக்கர்கள் உறக்கத்திலிருந்து விழிக்கும்போது முதல் அரை நொடியை விழுங்கிவிடும், இரண்டு நொடித் துண்டில் அது கால்பங்கு. பிறகு எல்லாத் துண்டுகளையும் தேர்ந்தெடுத்து ஒலி அளவைச் சமமாக்கும் லவுட்னஸ் நார்மலைசேஷன் ஓட்டுங்கள். அறுபதுகளின் பதிவும் அண்மைய ரீமாஸ்டரும் அடுத்தடுத்து வந்தால் ஒன்று கேட்காது, மற்றது காதைக் கிழிக்கும்.

அறுபதுகளின் ஸ்டீரியோ பதிவுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பலவற்றில் குரல் ஒரு பக்கமும் வாத்தியம் மறுபக்கமும் இருக்கும். ஒற்றைக் காதில் மாட்டிக் கேட்பவருக்குப் பாதிப் பாட்டே கிடைக்காது, அதனால் மோனோவாக (இரு பக்கமும் ஒரே ஒலி) மாற்றிவிடுங்கள். இதே குறையை வேண்டுமென்றே பயன்படுத்தவும் செய்யலாம். ஆரம்பகால பீட்டில்ஸ் பாட்டின் ஸ்டீரியோ டிராக்கைப் பிரித்து வாத்தியப் பக்கத்தை மட்டும் கொடுத்தால், தினமும் கேட்ட பாட்டுகூட அடையாளம் தெரியாது.

கோப்பின் பெயரை 'கேள்வி-07' என்று வைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எம்பி3 கோப்புக்குள் பாட்டுப் பெயரும் பாடகர் பெயரும் சில நேரம் அட்டைப்படமும்கூடப் பதிந்திருக்கும், இயக்கியதும் திரையில் காட்டிக்கொடுத்துவிடும். ஏற்றுமதி செய்யும்போது அந்த மெட்டாடேட்டா கட்டங்களை எல்லாம் காலி செய்து, போனில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பொதுத் தளங்களில் ஒலியை ஏற்றினால் காப்புரிமைச் சோதனை அதைத் தடுக்கலாம். சில நொடிதானே என்பது பாதுகாப்பு ஆகாது. அந்த இடங்களில் ஒலிக்குப் பதில் சொற்களால் புதிர் போடலாம்: "காசு எந்திரச் சத்தத்தில் தொடங்கும். தாளம் போட்டால் மிஸ்ரம்போல ஏழு ஏழாக விழும்; கிதார் தனி வரும்போது நாலுக்கு மாறும்." தாளம் பிடிக்கத் தெரிந்தவர் பிங்க் ஃபிளாய்டின் 'மணி'யை ராக் கேட்ட பழக்கம் குறைவாக இருந்தாலும் பிடித்துவிடுவார்.

குழுவில் பகிர்வது

ஒரு நாளைக்கு ஒரு புதிர் போதும். இருபதை ஒரே நேரத்தில் கொட்டினால் முதல் மூன்றுக்கு மட்டுமே பதில் வரும். முதல் துப்பு சில மணி நேரம் கழித்து, விடை மறுநாள் அதே நேரத்தில்.

விடை மற்றவர் கண்ணில் படாமல் மறைப்பது இடத்துக்கு இடம் மாறும். டிஸ்கார்டில் சொல்லின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு செங்குத்துக் கோடு போட்டால் மறைந்துவிடும். டெலிகிராமில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஸ்பாய்லர் என்று மாற்றலாம். வாக்கெடுப்பில் வினாடி வினா முறையும் உண்டு. வாட்ஸ்அப்பில் அப்படியான மறைப்பை நம்பாமல், பதிலைப் புதிர் போட்டவருக்குத் தனியாக அனுப்பச் சொல்வதே நல்லது. கேள்வியோடு காணொளி இணைப்பைச் சேர்க்கவே கூடாது: இணைப்பை ஒட்டியதும் முன்னோட்டத்தில் தலைப்பு தெரிந்துவிடும்.

விடை சொல்லும்போது வெறும் பெயரோடு விடாமல், ஏன் அது என்று இரண்டு வரியும் பாட்டின் இணைப்பும் கொடுங்கள். புதியவர்கள் அந்தப் பாட்டைப் போய்க் கேட்பது அப்போதுதான்.

விடைத்தாளும் மதிப்பெண்ணும்

ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடையோடு 'ஏற்கலாம்' என்று ஒரு பட்டியலையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். லெட் செப்பெலினின் நான்காவது ஆல்பத்துக்கு (1971) அட்டையில் பெயரே கிடையாது; 'நான்கு' என்றாலும் 'நான்கு குறிகள்' என்றாலும் ஏற்க வேண்டும். பீட்டில்ஸின் 1968 ஆல்பத்தின் பெயர் 'தி பீட்டில்ஸ்' மட்டுமே, ஆனால் எல்லோரும் எழுதுவது 'ஒயிட் ஆல்பம்'. 'அனதர் பிரிக் இன் தி வால்' மூன்று பகுதிகளாக இருக்கிறது. எந்தப் பகுதி என்பது கட்டாயமா என்று கேள்வியிலேயே சொல்லிவிடுங்கள். தமிழில் பெயரை எப்படி எழுதினாலும், ஒலி பொருந்தினால் மதிப்பெண் உண்டு.

சமநிலை வந்தால் எண் கேள்வி ஒன்று கையில் இருக்கட்டும், அருகில் வருபவருக்கு வெற்றி. "1975இல் சிங்கிளாக வந்த 'போஹீமியன் ராப்சடி' எத்தனை நொடி?" ஐந்து நிமிடம் 55 நொடி, ஆக 355. பதிப்புக்குப் பதிப்பு ஒரு நொடி முன்பின் ஆகும் என்பதால், 355ஐத்தான் விடையாகக் கொள்கிறோம் என்று உங்கள் தாளில் முன்பே குறித்திருக்க வேண்டும்.

போட்ட கேள்விகளை ஒரு விரிதாளில் சேர்த்துவையுங்கள்: கேள்வி, விடை, ஏற்கக்கூடியவை, எங்கே சரிபார்த்தது, போட்ட நாள், எத்தனை பேரில் எத்தனை பேர் சரி. கடைசிக் கட்டம்தான் மிகவும் பயன்படும். எல்லோரும் சொன்ன கேள்வி அடுத்த சுற்றின் முதல் கேள்வியாகப் போகலாம். ஒருவரும் சொல்லாத கேள்வியைத் தூக்கிப் போடுவதற்கு முன் இரண்டாவது துப்பு ஒன்றைச் சேர்த்து, சில மாதம் கழித்து இன்னொரு குழுவில் போட்டுப் பாருங்கள்.